மதிலைப் பார்த்திருந்த கதிரை

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. போன திருவிழாக் காலத்தில், நல்லூரடியில் ஒரு தெருவோரம், என் மனைவியின் சொந்த அண்ணனிடம் நான் பிச்சை வாங்கினேன். அவர் போட்டார், என் மடியில் விழுந்தது. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் குரலில் பிடிபட்டிருப்பேன். அந்த நேரம் நான் கொழும்பில் இருக்கவேண்டிய ஆள்.

இந்தத் தொடரை முதலிலிருந்து வாசிக்கிறவர்களுக்கு என் புத்தியைப் பற்றி அறிமுகம் தேவையில்லை. போன கிழமைதான், புதுக்குடை நனைந்துவிடும் என்று அதைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு மழையில் நடந்ததை எழுதியிருந்தேன். அந்தக் குடை இந்தக் கதைக்கு முன்னால் ஒன்றுமேயில்லை.

ஆயிரம் இடம்

நாங்கள் இருப்பது கொக்குவிலில். வீடு மச்சானுடையது, அதாவது மனைவியின் அண்ணனுடையது. மச்சான் இருப்பது கனடாவில். ஆளில்லாத வீட்டுக்கும் ஒரு ஆள் வேண்டும்: பின்னேரத்தில் விளக்குப் போட, கிணற்று மோட்டாரை இடைக்கிடை ஓடவிட, கூரைப்பீலியில் விழுந்த மாவிலையை வழிக்க. அந்த ஆள் நான். வாடகை கிடையாது. நான் வருசக்கணக்காக அந்த வீட்டைப் பார்த்து வருகிறேன். எங்கள் இருவரில் யார் முதலில் இடிந்து விழுவது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.

திருவிழாவுக்கு மச்சான் குடும்பத்தோடு வருவதாகப் போன் எடுத்தார். மனைவி, பிள்ளைகள், சம்பந்தி வீட்டார், எல்லாருமாக ஒரு வான் வண்டி கொள்ளாத கூட்டம்.

"நீங்கள் என்ன மாதிரி, மச்சான்? உங்களுக்கும் ஒரு மூலை ஒதுக்கச் சொல்லட்டோ?" என்றார்.

நல்ல மனத்தோடுதான் கேட்டார். அதுதான் தாங்க முடியவில்லை. அந்த 'மூலை' என் காதுக்குள் போய் வசதியாகக் குந்திக்கொண்டது.

"எனக்குக் கொழும்பிலை அலுவல் கிடக்கு. திருவிழா முடியத்தான் வருவன்," என்றேன்.

குசினியில் அடுப்போடு நின்ற மனைவிக்கு அது கேட்டது.

"என்ன அலுவல்?"

"ஒரு புத்தக அலுவல்."

"எங்கை நிப்பியள்?"

"எனக்கு ஆயிரம் இடம் இருக்கு."

அவள் ஒரு பையில் சேட்டும் சாரமும், பச்சைக் கோடு போட்ட ஒரு துவாயும் வைத்துத் தந்தாள். அந்தத் துவாயை மறந்துவிடாதீர்கள்.

ஆயிரம் இடத்தில் ஒன்றுதான் உண்மையாக இருந்தது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பல்கலைக்கழகத்துக்குக் கிட்ட, நண்பர் ஒருவர் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறார். கடை பூட்டிய பிறகு மெசினுக்குப் பின்னால் உள்ள வாங்குப் பலகையில் படுக்கலாம். விடிந்ததும் மாணவர்கள் குறிப்புக் கட்டுகளோடு வந்துவிடுவார்கள். அதற்குமுன் நான் எழும்பிப் போய்விட வேண்டும். கொழும்புக்குப் போவதென்றால் காசு வேண்டும். கொழும்பில் இருப்பதாகச் சொல்வதற்கு அது தேவையில்லை.

எங்கை போறியள்?

என்னைப்போல ரோசத்துக்காக வீட்டை விட்டவனுக்கு யாழ்ப்பாணத்தில் முதலில் வருகிற கஷ்டம் வெயில் அல்ல. தெருவில் காண்கிற அத்தனை பேரும் "எங்கை போறியள்?" என்று கேட்பார்கள். வணக்கம் சொல்லுகிற இடத்தில் நாங்கள் கேட்பது அதுதான். பதிலை யாரும் உண்மையாக எதிர்பார்ப்பதில்லை. ஆனால் பதில் இல்லாதவனை நின்று பார்ப்பார்கள். "உதிலை ஒருக்கா", அதாவது இங்கே பக்கத்தில், என்றால் போதும். காலையில் "உதிலை ஒருக்கா" என்று போனவன் மத்தியானமும் அதே சந்தியில் அதே பையோடு நின்றால் என்ன செய்வது?

ஆகவே நடந்துகொண்டே இருந்தேன். அறிமுகம் குறைந்த ஒழுங்கைகளாகப் பார்த்து நடந்தேன். மச்சான் வீட்டு வான் வெள்ளை நிறம் என்பதால் வெள்ளை வான் எதைக் கண்டாலும் ஒரு மதில் மூலைக்குள் மறைந்தேன். வெள்ளையைத் தவிர வேறு நிறத்தில் எங்கள் ஊரில் வான் இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

இதற்கு முன்னும் நான் வீடில்லாமல் இருந்திருக்கிறேன். என் வயதுக்காரர் எல்லாருமே இருந்திருக்கிறோம். சண்டைக்குப் பயந்து ஊர் முழுக்க வெளிக்கிட்டு நடந்த அந்த மழைக்காலத்தில் நான் இளந்தாரி. தலையில் ஒரு தையல் மெசினைச் சுமந்தேன். வீட்டில் எத்தனையோ சாமான் இருக்க அதை ஏன் தூக்கினோம் என்று இன்றைக்கும் ஒருவருக்கும் தெரியாது. தென்மராட்சியில் ஒரு வகுப்பறையில், யாரோ பாதியில் விட்ட கணக்கு அழியாமல் கிடந்த கரும்பலகைக்குக் கீழே படுத்தோம். அந்த நாட்களில் ஒருவரும் "எங்கை போறியள்?" என்று கேட்கவில்லை. எல்லாரும் ஒரே பக்கம்தான் போய்க்கொண்டிருந்தோம்.

அப்போது எனக்கு ஒன்றும் அழகாகத் தெரியவில்லை. பார்ப்பதற்கு முகங்களே அதிகமாகக் கிடந்தன.

இந்தமுறை தனியே நடந்தேன். தனியே நடந்ததில் ஊர் வேறு ஊராகிவிட்டது.

திருவிழாக் காலம், வீடுகள் எல்லாம் சைவச் சமையல். மத்தியானம் ஒரு ஒழுங்கையால் போனால் முதல் மதிலுக்கு மேலால் வெந்தயக் குழம்பு வரும். அடுத்ததால் மோர்மிளகாய் பொரிகிற புகை. அதற்கும் அங்கால் பலாக்கொட்டைக் கறி. வீட்டில் இருப்பவனுக்கு ஒரு குசினியின் மணம்தான். எனக்கு ஊர்க் குசினிகள் எல்லாம் வரிசையாகப் பரிமாறின, சாப்பாட்டை மட்டும் தவிர்த்து.

மதில்களுக்கு வெளிப்பக்கம் என்று ஒன்று இருப்பதையும் அப்போதுதான் கண்டேன். கள்ளன் ஏறாமல் இருக்க மதில் மேல் பதித்த போத்தல் ஓடுகள் காலை வெயிலில் பச்சையும் தேன்நிறமுமாக எரியும். வீட்டுக்குள் இருந்து பார்த்தால் அந்த நிறம் தெரியாது. எத்தனையோ பேர் காசு கொடுத்துப் பதித்த அந்த வடிவு முழுவதும் கள்ளனுக்கும் எனக்கும்தான்.

விசர் மனுசி

கோயிலுக்குப் போகிற ஒரு தெருவில், வற்றின குளமொன்றுக்கு எதிரே, பூட்டிய வீடொன்றின் நீண்ட மதில் இருக்கிறது. திருவிழாவுக்கென்று சொந்தக்காரர் வெளிநாட்டிலிருந்து போனிலேயே சொல்லி அதற்கு வெள்ளை அடிப்பித்திருந்தார். மதிலுக்கும் தெருவுக்கும் நடுவே கொஞ்சம் புல்லுத்தரை. அதில் கைப்பிடி வைத்த ஒரு செம்மண்நிறப் பிளாஸ்ரிக் கதிரை. கதிரையில் ஒரு பெண், அறுபது வயதிருக்கும், தெருவுக்கு முதுகைக் காட்டி மதிலைப் பார்த்தபடி இருப்பார்.

ஒவ்வொரு பின்னேரமும் அப்படித்தான். அத்தனை சனம் போகிற தெருவை விட்டுவிட்டு வெறும் மதிலைப் பார்த்திருப்பவரை ஊர் என்ன சொல்லும்? விசர் மனுசி, பைத்தியம், என்றது. எனக்கு எப்போதாவது ஊரோடு கருத்து ஒத்துப்போவது இப்படியான விசயங்களில்தான்.

ஒருநாள் அந்த இடத்தைக் கடக்கும்போது அவர் கதைத்தார்.

"தம்பி, கனநேரமா இதாலைதான் சுத்துறீர். கால் நோகேல்லையோ?"

முகத்தைத் திருப்பவேயில்லை. அவருடைய முதுகே கேட்டது போல இருந்தது. எங்கை போறியள் என்று கேட்காத முதல் ஆள் என்பதால் நின்றுவிட்டேன்.

"உமக்கும் போக இடமில்லைப் போல," என்றார்.

"இருக்கு அக்கா. நான் கொழும்பிலை நிக்கிறன்," என்றேன். அதன் பிறகு முழுக்கதையையும் சொல்லாமல் தப்ப முடியவில்லை. அவர் சிரிக்காமல் கேட்டார். அது அவருடைய பெருந்தன்மை.

பெயர் பவளம். நான் பவளமக்கா என்று கூப்பிடத் தொடங்கினேன். கோப்பாயில் ஒரு வீட்டைப் பார்த்துக்கொண்டு அதிலேயே இருந்தவர். சொந்தக்காரர் ஜேர்மனியில். ஒருநாள் வீட்டை விற்றுவிட்டார்கள். வாங்கினவர்கள் காணி அளக்க வந்தபோது பவளமக்கா முற்றம் கூட்டிக்கொண்டு நின்றாராம். கூட்டி முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தாராம். இப்போது இரவில் ஒரு தையல்கடை விறாந்தையில் படுக்கிறார். கடைக்காரர் ஒன்றும் சொல்வதில்லை.

அதைக் கேட்டபோது எனக்குக் கொக்குவில் வீட்டின் கூரைப்பீலி ஞாபகம் வந்தது. பேச்சை மாற்றிக் கதிரையைப் பற்றிக் கேட்டேன்.

"கதிரையிலை இருந்தா ஆக்கள் 'அக்கா, கொஞ்சம் விலத்துங்கோ' எண்டுவினம். நிலத்திலை இருந்தா 'ஏய், விலத்து'. ரெண்டும் ஒரே சனம்தான்."

"எங்காலை எடுத்தனீங்கள்?"

"இது ஒரு வீட்டிலை கால் வெடிச்சதெண்டு எறிஞ்சது. கம்பி கட்டி வைச்சிருக்கிறன். முந்தி நீலக் கதிரை ஒண்டு இருந்தது, இதைவிட நல்லது. போன முறைத் திருவிழாவிலை தண்ணீர்ப்பந்தலடியிலை இருந்தனான். கீழை கிடந்த பையை எடுக்க எழும்பினன், பின்னாலை நிண்டு கதிரையைத் தூக்கி லொறியிலை போட்டாங்கள். வாடகைக் கதிரை ஏத்துற லொறி. உங்கடை இல்லையெண்டு கத்தினன். ஆர் கேக்கிறது? இது கிடைக்குமட்டும் நான் 'ஏய்'தான்."

வெள்ளிக்கிழமை முழுக்கு

ஊரில் வெள்ளிக்கிழமை பெண்கள் தலைமுழுகுவது வழக்கம். கிணறு வேண்டும், கிணறு மதிலுக்கு உள்ளே இருக்கும். பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டுக்காரி வெள்ளிக்கிழமைப் பின்னேரங்களில் பவளமக்காவைத் தன் கிணற்றடிக்கு விடுவார். அந்த வெள்ளிக்கிழமை பவளமக்கா என்னை வழியில் மறித்தார்.

"நான் முழுகிப்போட்டு வாறன். நீர் உந்தக் கதிரையிலை கொஞ்சம் இரும்."

"கதிரையையும் கொண்டு போங்கோவன்."

"கதிரையோடை போனாக் குடியிருக்க வந்திட்டன் எண்டு நினைச்சு அவ கேற்றைப் பூட்டிப்போடுவா." பையைத் தோளில் போட்டுக்கொண்டார். "வருமட்டும் எழும்பாதையும். லொறிக்காரர் சுத்துறாங்கள். அதைத் தெருப்பக்கம் திருப்பவும் வேண்டாம். நீர் கொழும்பிலை அல்லோ?"

நியாயமான கேள்வி. துவாயைத் தலையில் போட்டுக்கொண்டு, ஊருக்கு முதுகைக் காட்டி, விசர் மனுசியின் கதிரையில் இருந்தேன். முன்னால் வெள்ளை மதில். கையில் வாசிக்கக்கூட ஒன்றுமில்லை. படித்த மனிதனுக்கு இதைவிடத் தண்டனை வேண்டுமா என்று நினைத்தேன்.

மதிலடியில் முளைத்த தலைகள்

முதலில் அதைக் கவனிக்கவில்லை. மதிலின் அடியில், புல் முடிகிற இடத்தில், கறுப்பாக எதோ ஊர்ந்து போனது. பிறகு இன்னொன்று. பிறகு ஒரு வரிசை.

தலைகள். எனக்குப் பின்னால் தெருவில் போகிறவர்களின் தலைகள்.

தெருவுக்கு அந்தப் பக்கம் வற்றின குளம், மறைப்பு ஒன்றுமில்லை. சூரியன் குளத்துக்கு மேலால் நேரே மதிலில் அடித்துக்கொண்டிருந்தது. அது இறங்க இறங்க, நிழல்கள் மதிலில் ஏறத் தொடங்கின. தலைகளுக்குக் கீழே தோள்கள் வந்தன. தோள்களுக்குக் கீழே கைகள், கைகளில் அர்ச்சனைத் தட்டுகள், பிள்ளைகள், செருப்புச் சோடிகள். ஊர் மண்ணுக்குள் இருந்து முளைத்து எழும்புவது போல எழும்பியது. சிறிது நேரத்தில் ஆள் உயரத்துக்கு எல்லாரும் மதிலில் நடந்தார்கள்.

சத்தம் முழுவதும் எனக்குப் பின்னால். உருவம் முழுவதும் முன்னால். சைக்கிள் ஒன்று போனது, சில்லின் கம்பிகள் ஒவ்வொன்றும் தெரியச் சுழன்றது. பலூன்காரர் வந்தார், அவர் தலைக்கு மேல் ஒரு மரமே அசைந்தது. காவடி ஒன்று வந்தது. பின்னால் மேளம் காதைப் பிளந்தது. மதிலில் ஒரு வளைவு மட்டும், அதன் விளிம்பெல்லாம் மயிலிறகின் மென்மயிர் நடுங்க, தண்ணீருக்கு அடியில் ஆடுவதுபோல ஆடிப் போனது. ஒரு பெண்ணின் கொண்டையிலிருந்து பூவிதழ் ஒன்று கழன்று விழுந்தது. அதன் நிழல் விழுந்ததை நான் கண்டேன். இவ்வளவு சிறிய ஒன்று தவறாமல் அங்கே எழுதப்பட்டதைக் கண்டு மூச்சை விட மறந்தேன்.

எத்தனை வருசமாக அந்தத் தெருவால் போயிருக்கிறேன். அந்த நேரத்தில் எல்லாரும் ஒன்றில் கோயிலுக்குப் போவார்கள் அல்லது வீட்டுக்குப் போவார்கள். நானும் போயிருக்கிறேன், மதிலில் என் நிழலையும் போட்டுவிட்டு, அதைத் திரும்பியும் பார்க்காமல். போக ஓரிடம் இருக்கிறவனுக்கு அந்த மதில் வெறும் மதில்தான்.

அப்போது தெருவில் ஒரு லொறி வந்து நிற்க, இரண்டு நிழல்கள் எனக்குப் பின்னால் வந்து நின்றன.

"அண்ணை, கொஞ்சம் எழும்புங்கோ. கதிரை எங்கடை."

"இது பவளமக்காவின்ரை," என்றேன், திரும்பாமல்.

"எந்தப் பவளமக்கா? எல்லாம் ஒரே நிறம்தானே. எங்கடை கடைப்பேர் எழுதினது அழிஞ்சிருக்கும்."

"இதிலை கால் வெடிச்சுக் கம்பி கட்டியிருக்கு."

"எங்கடையிலையும் கனக்க வெடிச்சுக் கிடக்கு, அண்ணை. நீங்கள் இருங்கோ. மற்றதுகளை ஏத்திப்போட்டு வாறம். எழும்பினாப் பிறகு பாப்பம்."

ஒரு நிழல் விலகியது. மற்றது லொறியின் நிழலில் சாய்ந்தபடி நின்றது. ஆக, எழும்பினால் கதிரை போய்விடும். எழும்பாவிட்டால் எனக்கு ஒன்றும் நட்டமில்லை என்று நினைத்த அந்த நேரம்தான், மதிலில் ஒரு வயிறு வந்தது.

வயிற்றுக்கு மேலே ஒரு தொப்பி. கையில் நீண்ட கம்பு, கம்பின் நுனியில் போன். உலகத்தில் அப்படி நடப்பவர் ஒருவர்தான். பின்னால் ஒரு வான் கொள்ளாத கூட்டத்தின் நிழல்.

"இஞ்சை பாருங்கோ பிள்ளையள்," என்றது மச்சானின் குரல், போனுக்கு. "ஊரிலை இப்பிடியும் ஆக்கள் இருக்கினம். பாவம், இந்த ஐயாவுக்கு ஆரும் இல்லைப் போல."

ஓடியிருக்கலாம். என் கால்கள் அதற்கு ஆயத்தமாகவும் இருந்தன. லொறிக்காரர் சாய்ந்தபடிதான் நின்றார். பவளமக்கா எங்கேயோ ஒரு கிணற்றடியில், என்னை நம்பித் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார். துவாயை இன்னும் கீழே இழுத்துக்கொண்டு, கதிரையின் கைப்பிடிகளைப் பிடித்தபடி இருந்தேன்.

மதிலில் ஒரு பெரிய கை நீண்டது. அது என் நிழலின் தோளுக்கு மேலால் வந்து விரிந்தது. ஒரு தாளின் நிழல் இலைபோல இறங்கியது. மடியில் நோட்டு. இதையும் சொல்லிவிடுகிறேன்: அந்தக் கணத்திலும் அது வடிவாக இருந்தது. என் மானம் போவதை இவ்வளவு தெளிவாக, இவ்வளவு நல்ல வெளிச்சத்தில், நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

கூட்டம் நகர்ந்தது. ஒரு நிழல் மட்டும் நகரவில்லை. சேலைத் தலைப்பும், கையில் அர்ச்சனைத் தட்டும். என் நிழலுக்குப் பக்கத்தில், ஒரு சாண் இடைவெளியில், அது கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அதுவும் போனது.

ஐஸ்கிறீம்

பவளமக்கா ஈரத்தலையோடு வந்தபோது மதில் சாம்பல்நிறமாகியிருந்தது. அவரைக் கண்டதும் லொறிக்காரர் ஏறிப் போய்விட்டார். பவளமக்கா குனிந்து முதலில் கம்பி கட்டிய காலைத் தடவிப் பார்த்தார். பிறகுதான் என்னைப் பார்த்தார்.

நோட்டை நீட்டினேன். "இது உங்கடை கதிரைக்கு விழுந்தது."

"உம்மடை மடியிலைதானே விழுந்தது. இருந்து உழைச்ச ஆள் நீர்."

அந்த உழைப்பில் ஐஸ்கிறீம் வாங்கினோம். அவர் கதிரையிலும் நான் புல்லிலுமாக இருந்து தின்றோம். வழியால் போன ஒருவர் என் காலை மிதித்துவிட்டு, "ஏய், விலத்தி இரு," என்றார். பவளமக்கா என்னை ஓரக்கண்ணால் பார்த்தார்.

நான் படுக்கிற கடைக்குத் திரும்புகிற வழியில் மனைவியின் போன் வந்தது.

"கொழும்பிலை என்ன மாதிரி? வெயிலோ?"

"ஓம், கடும் வெயில்."

"தலையிலை போடுற துவாயை ஒருக்காத் தோயுங்கோ. கோடே தெரியேல்லை, அவ்வளவு ஊத்தை," என்றுவிட்டு வைத்துவிட்டாள்.

பிறகு ஒரு பின்னேரம்

மச்சான் குடும்பம் விமானம் ஏறிய பிறகு நான் கொழும்பிலிருந்து வந்து சேர்ந்தேன். கொஞ்ச நாள் கழித்து, வெயில் நன்றாக இருந்த ஒரு பின்னேரம், மனைவியை அந்தத் தெருவுக்குக் கூட்டிப்போனேன். பவளமக்கா அதே கதிரையில் இருந்தார். சனம் குறைவு. ஆனாலும் தலைகள் முளைத்தன, தோள்கள் வந்தன. மாடு ஒன்று கொம்பை ஆட்டிக்கொண்டு போனது.

மனைவி மதிலில் தன் நிழல் ஏறி வருவதையே பார்த்தபடி நின்றாள்.

"அண்டைக்கு நான் நிண்டதை நீங்கள் கண்டனீங்கள்," என்றாள்.

"ஓம்."

"கூப்பிட்டிருந்தால் எழும்பி வந்திருப்பியளோ?"

"இல்லை. கதிரை போயிருக்கும்."

அவள் தலையாட்டினாள். நீண்ட காலத்துக்குப் பிறகு என் பதில் ஒன்று சரியாக இருந்திருக்கிறது. அந்த உற்சாகத்தில் எனக்கு மேடைப் பேச்சு வந்துவிட்டது. வெளிச்சத்தைப் பற்றியும், வீட்டுக்கு அவசரப்படுகிறவர்கள் தவறவிடுவதைப் பற்றியும் கொஞ்சம் விரிவாகவே பேசிவிட்டுப் பவளமக்காவிடம் திரும்பினேன்.

"ஒவ்வொரு நாளும் உதைப் பார்க்கக் குடுத்துவைச்ச ஆள் நீங்கள், அக்கா. கண்ணை எடுக்க மனம் வராது, என்ன?"

பவளமக்கா மதிலிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்:

"எப்பிடித் தம்பி எடுக்கிறது? தெருப்பக்கம் திரும்பினா வெயில் கண்ணைக் குத்தும். பின்னாலை ஆர் வாறாங்கள் எண்டு உதிலைதானே தெரியுது. உந்தக் கதிரையும் போனா, பேந்தும் நான் 'ஏய்'தான்."